கிழங்கு கேட்ட மருமகனுக்கு

என் அருமை மருமகன் இசக்கிக்கு,

அத்தை எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். நானும் குரலிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தை பேச ஆரம்பித்தால் நீ வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுக் கேட்பாய் என்று உன் தங்கச்சி போட்டுக் கொடுத்துவிட்டாள். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாதுல்லா? ஆற அமர உட்கார்ந்து படி.

"பாபநாசம் மலையடிவாரத்தில் ஆகாசகருடன் கிழங்கு கிடக்குமே அத்தை, யாரிடமாவது சொல்லி நல்ல பருமனாக நாலைந்து தோண்டி அனுப்புங்க, இங்கே ஆளாளுக்குப் போட்டி போட்டு வாங்குகிறார்கள்" என்கிறாய். அனுப்ப மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கடிதத்தின் கடைசி வரிக்குத் தாவ மாட்டாய். கோபமெல்லாம் இல்லை. ஏன் அனுப்ப மாட்டேன், அதற்குப் பதிலாக என்ன தருவேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் அப்பன் போன வாரம் வந்து ஒரே புலம்பல். "சம்பளத்தையெல்லாம் கிழங்குச் செடியில் கொட்டுகிறான் அக்கா, இலைகூட இல்லாத மொட்டைச் செடி, பயலுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்றான். அவன் உன் வயதில் புறா வளர்த்துக்கொண்டு மொட்டைமாடியே கதியாகக் கிடந்த கதையை எடுத்தேன். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். எனக்கு இதில் சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் அறிவியல் நடத்தியவளுக்கு, வீட்டில் ஒரு பிள்ளையாவது செடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதே என்கிற நிறைவு. ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா தின்கிற வழக்கத்தையும் விட்டுவிட்டாய் என்றால் நிறைவு இன்னும் கூடும்.

நீங்கள் காடெக்ஸ் என்று சொல்கிற சங்கதி பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தண்டின் அடியோ வேரோ பருத்து, மழைக்காலத்தில் கிடைக்கிற தண்ணீரையும் மாவுச்சத்தையும் உள்ளே சேர்த்துவைத்துக்கொள்ளும். வெளியே தக்கைத் தோல் இருப்பதால் ஈரம் லேசில் போகாது. மழை நின்றால் இலையையும் கொடியையும் உதிர்த்துவிட்டு, அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு கிடக்கும். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா பக்கம் இப்படிப்பட்ட செடிகள் ஏராளம். ஆனால் நீ கப்பலில் வந்த பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, நம் வீட்டு வாசலில் தொங்கியதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறாய். பரவாயில்லை, லேட்டானாலும் வந்து சேர்ந்தாயே.

பாபநாசம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே ஈரம்தான். அகத்தியர் அருவி, காரையாறு அணை, பாணதீர்த்தம். மேலே நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கம் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுவதும் உண்மைதான். அதே மலையின் கிழக்கு அடிவாரத்தில், மணிமுத்தாறு, சிங்கம்பட்டிப் பக்கம் வெயிலில் நடந்து பார். உடைமரம், கிளுவை, சதுரக்கள்ளி, காலில் குத்துகிற சரளைக் கல். ஆனி ஆடியில் வருகிற மேகத்தை மலை மேலேயே கறந்துகொள்ளும். கீழே காற்றும் கொஞ்சம் சாரலும்தான் வந்து சேரும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால்தான் அந்த மண் நன்றாக நனையும். பாளையங்கோட்டை வரைக்கும் போனால் வருஷ மழை சராசரியில் ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடாது. இத்தனை பக்கத்தில் இத்தனை வித்தியாசம் இருப்பதால்தான் இங்கே சோலைக்காட்டுச் செடியும் உண்டு, வறண்ட புதர்க்காட்டுச் செடியும் உண்டு. ஆகாசகருடன் இந்த இரண்டாவது கூட்டம்.

பாகல், புடலை, சுரை, கோவை எல்லாம் இதற்குச் சொந்தபந்தம். கொல்லங்கோவை என்றும் இதைச் சொல்வார்கள். மழை பெய்ததும் கிழங்கிலிருந்து மெல்லிய கொடி கிளம்பிப் பக்கத்துப் புதரில் ஏறும். பூ பச்சையும் மஞ்சளுமாக, தேடினால்தான் கண்ணில் படும். காய் பழுக்கும்போதுதான் அங்கே ஒரு கொடி இருப்பதே தெரியும்: நடுவில் செக்கச் சிவப்பு, அடியிலும் மூக்கு நுனியிலும் பச்சை. பழுத்ததும் அடிப்பக்கம் சுற்றிவர வெடித்து மேல்பாதி கழன்று விழும். விதை வெளியே வந்துவிடும். கோடையில் கொடி காய்ந்து இருந்த இடம் தெரியாமல் போகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழை வரும்வரை கிடக்கும். ஒன்றைக் கவனி. நீ பீங்கான் தொட்டியில் மண்ணுக்கு மேலே தூக்கி வைத்துப் படம் எடுக்க நினைக்கிற அந்தப் பருமனான உடம்பு, காட்டில் பெரும்பாலும் வெயிலையே பார்ப்பதில்லை. அதை வெளியே எடுத்துக் காட்டுவது நம்முடைய ஆசை, செடியினுடையது இல்லை.

உங்க ஆச்சி இருந்தபோது வாசல் நிலைக்கு மேலே இந்தக் கிழங்கு ஒன்று எப்போதும் தொங்கும். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கறுப்புக் கயிற்றில் கட்டியிருப்பாள். கண்ணேறு கழியும், கருடன் பெயர் இருப்பதால் பாம்பு அண்டாது என்பது நம்பிக்கை. மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது தளிர் விட்டுக் கொடி ஓடும்போது தெருவே நின்று பார்க்கும். காற்றைக் குடித்து வளர்கிறது என்பார்கள். எனக்கு அப்போதே உறுத்தும். பிறகு படித்தபோது புரிந்தது. வேர் இல்லாத கிழங்குக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தன்னிடம் இருந்த ஈரத்தையும் மாவையும் செலவழித்துத்தான் அந்தத் தளிரை விடுகிறது. வட்டி வராத வீட்டில் முதலை எடுத்துத் தின்கிற கதைதான். பார்க்கிறவர்களுக்குச் செழிப்பாகத் தெரியும். உள்ளே சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் வற்றிப் போனாலோ அழுகினாலோ, "வீட்டுக்கு வந்த கெடுதலை அது வாங்கிக்கொண்டது" என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது கைவந்த கலை. பாபநாசத்துப் படித்துறையில் முழுக்குப் போட்டவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே அவிழ்த்துவிட்டுப் போவதை நீயே பார்த்திருக்கிறாய். பாவத்தை ஆறு வாங்கிக்கொள்ள வேண்டும், கண்ணேறைக் கிழங்கு வாங்கிக்கொள்ள வேண்டும். தாமிரவருணி அந்தத் துணியைச் சுமந்து என்ன பாடுபடுகிறது என்பதைத் துணி எடுக்க இறங்குகிற தன்னார்வப் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை; ஆச்சி மேல் எனக்கு அத்தனை பிரியம். ஆனால் அவளிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கிழங்கு சுருங்க ஆரம்பித்ததும் அதைக் குப்பையில் எறிய மாட்டாள். கயிற்றை அவிழ்த்துக் கொல்லை வேலியோரம் கிளுவை மூட்டில் புதைத்துவிடுவாள். "நமக்காகத் தொங்கிச்சு, இனி அதுக்காகக் கெடக்கட்டும்" என்பாள். அப்படிப் புதைத்ததில் ஒன்று பிழைத்து இன்றைக்கும் வேலியில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வருவதால் தனியாக இருந்தும் காய் பிடிக்கிறது.

இப்போது நீ கேட்ட கிழங்குக்கு வருவோம். பழம் பறித்தால் செடி இருக்கும். இலை கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். கிழங்கை எடுத்தால் எடுத்தது முழுச் செடி. அதிலும் நீ பருமனானதாக வேண்டும் என்கிறாய். பருமனானது என்றால் பல மழை பார்த்த மூத்த செடி. அந்தப் பகுதிக்கே விதை கொடுத்துக்கொண்டிருக்கிற தாய்ச் செடி. சின்னதை விட்டுவிட்டுப் பெரியதாகப் பார்த்துப் பார்த்துத் தோண்டினால், காடு பார்வைக்குப் பச்சையாக இருக்கும், ஆனால் பிள்ளை பெறுகிற வயதுக்காரர்கள் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஆகாசகருடன் ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா, இலங்கை வரை பரவிய செடிதான். நாளைக்கே உலகத்தை விட்டுப் போய்விடும் என்று பயம் காட்ட மாட்டேன். ஆனால் ஒரு செடி ஒரு ஊர்க் காட்டில் இல்லாமல் போவதற்கு உலகம் முழுக்க அழிய வேண்டும் என்பதில்லை. கோயில் வாசல் கடைகளில் குவித்து வைத்திருக்கிறார்களே, அதை யார் தோட்டத்தில் பயிரிட்டார்கள் என்று கேட்டுப் பார். பெரும்பாலும் பதில் வராது.

மேலே மலையில் இருப்பதன் நிலை இதைவிட மோசம். அமிர்தபாலா என்று மலைவாழ் காணிக்காரர்கள் சொல்கிற ஒரு பாறைச் செடி உண்டு. மாகாளிக்கிழங்குக்கு நெருங்கிய உறவு. பாறை இடுக்கில் வேர் பருத்து நிற்கும். கிள்ளினால் பால் வரும். அகத்தியமலையை ஒட்டிய தென்பகுதியில் மட்டும்தான் வளர்கிறது. 1978-இல்தான் தாவரவியல்காரர்கள் அதற்கு முறைப்படி பெயர் வைத்தார்கள். அப்போது அதற்குக் கொடுத்த பேரினப் பெயர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் பெயரால் வைத்த ஜானகியா. பெயர் வைத்து இத்தனை வருஷத்துக்குள் அது அழிவின் விளிம்பில் உள்ள செடிகளின் கணக்கில் வந்துவிட்டது. மருந்து என்று வேரைத் தோண்டியதும் அதற்கு ஒரு காரணம். இதையும் கேட்டு நாளைக்கு ஒரு குரல் செய்தி வரக்கூடாது, சொல்லிவிட்டேன்.

சட்டமும் உனக்குத் தெரிய வேண்டும். முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயம் ஆகி, இரண்டும் சேர்ந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குள்ளிருந்து அனுமதி இல்லாமல் ஒரு செடியைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. "யாரிடமாவது சொல்லி" என்றாயே, அந்த யாரோ ஒருவர் யார் என்று யோசித்தாயா? ஆடு மேய்க்கிறவராக இருப்பார், அல்லது ஒருநாள் கூலிக்கு வருகிறவராக இருப்பார். செக்போஸ்டில் பிடிபட்டால் வழக்கு அவர் மேல். பார்சல் மட்டும் உனக்கு. உன் தொட்டிக்காக இன்னொருத்தர் கோர்ட்டுக்கு அலைவதை நீ விரும்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைத் திட்டாமல் எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் வளருகிற பாக்கிபோடியம் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். அந்தப் பேரினமே, அருகிவரும் உயிரினங்களின் நாடு கடந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. சிலவற்றுக்கு மிகக் கடுமையான முதல் பட்டியல். 1975-இல் நடைமுறைக்கு வந்து, 1976-இல் இந்தியாவும் சேர்ந்துகொண்ட ஒப்பந்தம் அது. காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்த செடி எத்தனை அழகாக இருந்தாலும் திருட்டுச் சாமான்தான். வேரை ஒட்ட நறுக்கிப் பெட்டியில் அடைத்து வருவதால் அதில் எத்தனையோ வேர் பிடிக்காமலே சாகும். பிழைத்ததை மட்டும்தான் நீ படத்தில் பார்க்கிறாய்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், உன் பால்கனியிலேயே இருக்கிறது. அடீனியத்தைப் பார். அரேபியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் உரிய செடி, இன்றைக்கு நம் ஊர் நர்சரி ஒவ்வொன்றிலும் இருக்கிறது. யாரும் பாலைவனத்துக்குப் போய்த் தோண்டவில்லை. விதை போட்டு வளர்க்கிறார்கள். விதையிலிருந்து வந்ததுதான் அடி நன்றாகப் பருக்கும் என்பது உனக்கே தெரியும். நம் ஊர் உதாரணம் வேண்டுமா, கண்வலிக்கிழங்கு. நம் மாநில மலரான செங்காந்தள்தான். மருந்துக்காகக் காட்டில் தேடித் தோண்டப்பட்ட செடியை ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் பந்தலில் ஏற்றிப் பயிராக்கி விதையை விற்கிறார்கள். ஆசைப்படுவது குற்றமில்லை இசக்கி. ஆசையைக் காட்டில் போய்த் தீர்த்துக்கொள்கிறோமா, தோட்டத்தில் தீர்த்துக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி. தோட்டம் என்றால் நாளாகும். அந்த நாளைக் கொடுக்க மனசு இருக்கிறவன்தான் செடி வளர்க்கிறவன். மற்றவன் வாங்கி வைக்கிறவன்.

சரி, இனி உனக்கு நான் சொல்ல வருகிற சின்னச் சின்னப் பழக்கங்கள். கொட்டாவி விடாதே.

செடி வாங்கும்போது விலை கேட்பதற்கு முன்னால் "இது எங்கே முளைத்தது?" என்று கேள். விதையா, பதியனா, தோண்டியதா? கேட்கக் கூச்சமாக இருந்தால் செடியையே பார், அது சொல்லிவிடும். காட்டில் வளர்ந்ததில் கல் அழுத்திய பள்ளம் இருக்கும், பழைய தழும்பு இருக்கும், பக்க வேர்கள் வெட்டுப்பட்டிருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் இருக்கும். நாற்றுப் போட்டு வளர்த்தது வழுவழுவென்று, ஒரே வயதில், வரிசையாக நிற்கும். உங்கள் ஆட்கள் அந்தத் தழும்பைத்தான் "கேரக்டர்" என்று சொல்லிக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நீ அந்தக் கூட்டத்தில் சேராதே.

தொட்டியில் பெயர்ச்சீட்டு வை. பெயர் மட்டும் போதாது. விதை எங்கிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று பென்சிலால் எழுது. பேனா மை வெயிலில் போய்விடும். தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்து 1836-இல் சென்னையில் இறந்த ராட்லர் பாதிரியாரை நீ தமிழ்–ஆங்கில அகராதி போட்டவராகக் கேள்விப்பட்டிருக்கலாம். ஊர் ஊராகப் போனபோதெல்லாம் செடிகளைக் காயவைத்துச் சேர்த்த மனிதர் அவர். ஆகாசகருடனுக்கு முதன்முதலில் தாவரவியல் பெயர் வைத்தவரும் அவர்தான். அவர் சேர்த்த தாள்கள் லண்டன் கியூ தோட்டத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முந்தைய காய்ந்த கொடி இன்றைக்கும் ஒருத்தருக்குப் பயன்படுகிறது என்றால், பக்கத்தில் ஒட்டியிருக்கிற துண்டுச் சீட்டுதான் காரணம். சீட்டு இல்லாத செடி, வைத்தவன் ஊர் மாறினதும் அநாதையாகிவிடும். நீ வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவன்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார். பாசத்தால் செத்த செடிகள்தான் அதிகம், தாகத்தால் செத்தவை குறைவு. இலை மஞ்சளானதும் பதறிப்போய் உரம் போடாதே. அது தூங்கப் போகிறது. தண்ணீரைக் குறைத்து நிழலில் வை, அடுத்த தளிர் வரும்வரை சும்மா இரு. சும்மா இருப்பது உனக்கு வராது என்று தெரியும். அதனாலேயே இந்தச் செடி உனக்கு நல்லது. மண்ணுக்குச் செம்மண்ணோடு பொடிஜல்லி கலந்துகொள். ஆற்றுமணல் கேட்டு அலையாதே. தாமிரவருணியில் அள்ளியது போதும். நாற்றாக இருக்கும்போது கிழங்கை மூடியே வை, மண்ணுக்குள் இருந்தால்தான் பருக்கும். பிறகு தொட்டி மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கலாம்.

வெட்டினாலும் கிள்ளினாலும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதே. அடீனியத்தின் பாலை ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் விஷமாகத் தடவியவர்கள் உண்டு. ஆகாசகருடன் கிழங்கும் கடும் கசப்பு. எவனோ வீடியோவில் சொன்னான் என்று அரைத்துக் குடித்துவைக்காதே. பாம்புக்கடிக்கு இது மருந்து என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பி ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாது. நல்ல பாம்போ, கட்டுவிரியனோ, கண்ணாடிவிரியனோ, சுருட்டையோ, கடித்தால் விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். நீ புதர்க்காட்டுப் பக்கம் செருப்பில்லாமல் திரிகிறவன், அதனால் சொல்கிறேன். ஷூ போடு, இருட்டினால் டார்ச் எடு.

காட்டில் அபூர்வச் செடி ஒன்றைப் பார்த்தால் படம் எடு, பூவை எடு, காயை எடு, ஆசை தீர எடு. ஆனால் இடத்தைப் போடாதே. உன் போன் அதுவாகவே இடத்தைக் குறித்துக்கொள்ளுமாமே, அதை அணைத்துவிட்டுப் பதிவிடு. உன் படத்துக்கு விழுகிற லைக்குகளுக்கு நடுவே மண்வெட்டியோடு கிளம்புகிறவனும் ஒருத்தன் இருப்பான்.

பொறுமைக்கு ஒரு கதை சொல்லி முடிக்கிறேன். வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது, ஃபோக்கியா என்று பெயர். நம் எருக்கு, நன்னாரி குடும்பம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோனது. உலகத்தில் அந்த இனத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பிறகுதான் அதன் சொந்தக் காட்டில் மற்றவை இருப்பது தெரிந்தது. பேரரசு போய்விட்டது, இரண்டு உலகப் போர் வந்துபோயின, செடி இன்னும் இருக்கிறது. எத்தனை தோட்டக்காரர்கள் கை மாறியிருப்பார்கள்! ஒவ்வொருத்தரும் தன் முறைக்கு விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஊற்ற வேண்டிய நாளில் ஊற்றி, ஊற்றக்கூடாத நாளில் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. நீ அப்படி ஒருத்தனாக இருந்தால் போதும் எனக்கு. ஆயிரம் பேர் பின்தொடர்கிற விற்பனைக்காரனாக ஆனாலும் சந்தோஷம்தான், ஆனால் அது இரண்டாம்பட்சம்.

ஆகவே கிழங்கு கிடையாது, விதை உண்டு. நம் வேலிக் கொடியில் இந்த மழைக்குப் பழுத்ததில் பாதியைக் குருவிக்கும் எறும்புக்கும் விட்டுவிட்டு மீதியில் எடுத்துக் காயவைத்திருக்கிறேன். நாற்று எழும்பினால் முதலில் உன் தங்கச்சிக்கு ஒன்று, உன் அப்பனுக்கு ஒன்று. அவனே தண்ணீர் ஊற்றட்டும், புலம்பல் நிற்கும். மிச்சத்தை நீ விற்றுக்கொள், "விதையில் வளர்த்தது" என்று பெரிதாக எழுதி விற்றுக்கொள். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் கூடினால் கடைக்காரர்களும் தோண்டுவதை விட்டுத் தொட்டிக்கு வருவார்கள். உன்னை மாதிரி நாலு பிள்ளைகள் பிடிவாதமாக இருந்தால் நடக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி நேரத்தோடு தூங்கு.

இப்படிக்கு,
உன் அத்தை,
விக்கிரமசிங்கபுரம்.

பி.கு.: விதையைக் காகிதப் பொட்டலத்தில் தனியாக மடித்து, ஊரும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். கூடவே எவர்சில்வர் சம்படத்தில் பருப்புப்பொடி. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதே. பொடி தீர்ந்ததும் சம்படத்தைக் கழுவித் திருப்பிக் கொண்டுவா. போன தடவை கொண்டுபோனதும் இன்னும் வரவில்லை.